கடன் கொடுத்தவர் திண்ணையோடு நிற்க வேண்டும்: உபாகமம் 24

வேதாகமத்தில் உபாகமம் 24 என்றாலே நம் சபைகளில் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டுதான் நினைவுக்கு வரும். முதல் நான்கு வசனங்களோடு பிரசங்கம் முடிந்துவிடும். ஆறிலிருந்து பதினைந்துவரை பெரும்பாலும் கடன், அடகு, கூலி. கொடுக்கல் வாங்கலிலேயே ஊறிய காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்காரர்கள் முதலில் வாசித்திருக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

10, 11ஆம் வசனங்கள்: அடகு வாங்கப் போகிறவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவரே பொருளை எடுத்துவந்து கொடுப்பார். செட்டிநாட்டு வீட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. திண்ணைவரை யார், முகப்புவரை யார், உள்முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் யார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒற்றை அறை ஓட்டு வீட்டுக்கும் அப்படியொரு வளவு உண்டு என்கிறது வசனம். சபையின் உதவி நிதிக்கும் இது பொருந்தும். வாங்கியவர் பெயரை ஆராதனையில் அறிவிப்பதும், தவணை தவறினால் நாலு பேராக வீடு தேடிப் போவதும் உள்ளே நுழைவதுதான். கணக்கு இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். 5,000 ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்து, மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் வாங்கலாம். ஒரு மாதம் தவறினால் கடைசியில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

6ஆம் வசனம் திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது. அது ஜீவனையே அடகு வாங்குவது போலாகும் என்று காரணமும் சொல்கிறது. இன்று வீட்டில் திரிகை இல்லை. தையல் மிஷின், கண்டாங்கிச் சேலை நெய்கிறவரின் தறி, காய்கறி வண்டி, ரேஷன் கார்டு, சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டு, இவையெல்லாம் அந்தக் கல்லின் இடத்தில் இருக்கின்றன. எதை எடுத்துக்கொண்டால் நாளைய அடுப்பு எரியாதோ, அதைத் தொடக்கூடாது.

வட்டிக்கு வருவோம். 'நான் வாங்குவது நியாய வட்டிதான்' என்று சொல்லாதவர் இல்லை. நெகேமியா 5:11இல் திருப்பிக் கொடுக்கச் சொன்ன வட்டி நூற்றுக்கொன்று. அதை மாதக் கணக்காகவே பெரும்பாலும் கொள்கிறார்கள். நம் பேச்சில் ஒரு வட்டி, ஆண்டுக்கு 12 சதவீதம். அதையே நெகேமியா விடச் சொன்னார் என்றால், தினம் வசூலிக்கிற தண்டல் கடனை என்ன சொல்வது? 10,000 என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார்கள். நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்த்தால் பத்து சதவீதம்தான். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், வாங்கியவர் கையில் சராசரியாக நிற்பது 4,500தான். அதற்கு நூறு நாளில் 1,000 என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்தைத் தாண்டும். இதில் வரும் லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கூலிதான் அன்றாடம் சறுக்குகிற இடம். 'அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே' என்கிறது 15ஆம் வசனம். கொடுக்க மனமில்லாமல் தாமதிக்கிறவர்கள் குறைவு. சில்லறை இல்லை, மேஸ்திரி வரவில்லை, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள், இப்படித்தான் தள்ளிப்போகிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கவோ பழைய வீட்டைப் பழுது பார்க்கவோ ஆள் வைத்தால், காலையிலேயே பணத்தை மாற்றி, ஆளுக்கொரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் கொத்தனாருக்கு அன்றே போய்விடும், சித்தாள் பெண்களுக்குத்தான் பாக்கி நிற்கும். வேலை தொடங்கும்போதே மேஸ்திரியிடம் பேசி, சித்தாளுக்கு நேரடியாகத் தருவதாக முடிவு செய்துகொள்ளுங்கள். ஜிபே வசதிதான், ஆனால் அந்த எண் யாருடையது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். சனிக்கிழமை மொத்தமாக வாங்கிக்கொள்வதாக அவர்களே சொன்னால் தவறில்லை. அப்போதும் மளிகைக் கடை அடைப்பதற்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

முன்பணம் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பிடிக்காதீர்கள். 2,000 என்றால் வாரம் 200 போதும், நோட்டில் அவர்கள் பார்க்கவே எழுதுங்கள். 14ஆம் வசனம் சகோதரனோடு அந்நியனையும் சேர்த்தே சொல்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது என்றால், தொகையை அவன் படிக்கிற எழுத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள்.