கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை

குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுண்டி இழுத்துக்கொண்டிருந்த கீழ்க்கடைவாய்ப் பல், ஒரு கட்டத்தில் தானாக அடங்கிவிட்டது. கிராம்பு எண்ணெய்தான் கேட்டது என்றார் அம்மா. பல் மருத்துவரோ எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றியிருந்த கறுப்பு வட்டத்தைக் காட்டினார். உள்ளே நரம்பு செத்துவிட்டதால்தான் வலி நின்றதாம். கிருமி வேர் வழியாக இறங்கி எலும்பை அரித்துக்கொண்டிருந்தது.

"மாத்திரையில் சரியாகாதா, டாக்டர்?"

"ரத்த ஓட்டமே இல்லாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்?"

முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்போதும் பல்லின் உட்புறத்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

ஊசி போட்டதும் பாதி உதடு கனத்துப்போனது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். வாயை மூடவே முடியாத எரிச்சல் ஒருபுறம் இருந்தாலும், ப்ளீச்சிங் வாடை அடித்தபோது அதன் அருமை தெரிந்தது. வேருக்குள் பீய்ச்சிக் கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட். தொண்டைக்குள் போகக் கூடாத சரக்கு. அடுத்து ஊசி போன்ற மெல்லிய அரங்கள். தடிமன் கூடக் கூடக் கைப்பிடியின் நிறம் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மாறுகிறது. உதட்டில் மாட்டிய கொக்கியோடு இணைந்த கருவி, அரம் வேர் நுனியை நெருங்க நெருங்க வேகமாகக் கூவுகிறது. வேருக்குள் ஓடும் குழாய்களில் ஒன்றில் மட்டும் சுருக்கென்றது. கையைத் தூக்கினேன், இன்னும் கொஞ்சம் மரப்பு மருந்து ஏற்றினார். இந்தப் பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள் இருக்கும், சிலருக்கு நான்கு. ஒன்று தப்பினாலும் சீழ் திரும்பி வரலாம் என்பதால் அவர் தேடித் துழாவியதை நான் குறை சொல்லமாட்டேன்.

அன்று உள்ளே வைத்து அடைத்த மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பேதான்! அடுத்த முறை அதைக் கழுவி எடுத்துவிட்டு, மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சாவால் குழாய்களை நிரப்பினார். பிறகு சில நாள் கடிக்கும்போது லேசாக வலித்தது, அது வழக்கம்தான். வீக்கம் வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்.

சிகிச்சை முடிந்த பல்லின் மேல் மாட்டும் உறைதான் கேப். அதற்குக் கட்டணம் தனி. முதல் நாளே சிகிச்சை, கேப் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் இருந்தவர் வலி நின்றதும் கேப் வேண்டாமென்று விட்டவர். முறுக்கைக் கடித்ததில் பல் இரண்டாகப் பிளந்து, அதைப் பிடுங்க வந்திருந்தார்.