மாசி வீதியில் ஒரு கோலி சோடா

சித்திரை வெயிலில் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு மாசி வீதிக்கு வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓரமாக ஒரு தள்ளுவண்டி. மரப்பெட்டியில் பச்சைக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒவ்வொன்றின் வாயையும் ஒரு கோலி அடைத்திருந்தது.

"பன்னீரா, எலுமிச்சையா தம்பி?"

"எலுமிச்சை போடுங்கண்ணே. உப்புத் தூக்கலா."

தம்ளரில் எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைத் தட்டி, கட்டையைப் பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. 'டொப்'. கோலி இறங்கியது. சாய்த்தால் கோலி ஓடிவந்து மறுபடி வாயை அடைக்கும். கழுத்துக் குழியில் அதைச் சிக்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பார்க்காமலேயே செய்தார். நுரை விளிம்பு வரை பொங்கி நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

பக்கத்துக் கடையில் ஆளுயர ஃபிரிட்ஜ், உள்ளே வரிசையாக பிளாஸ்டிக் பாட்டில்கள். "பெரியாளுகதான் சோடா கேக்குறாக. புள்ளைக நேரா அங்கிட்டுத்தான் கை காட்டுதுக" என்றார். அந்த மாதிரி ஃபிரிட்ஜைப் பல ஊர்களில் குளிர்பான நிறுவனங்களே கடைக்குத் தருகின்றன, தங்கள் சரக்கை வைக்கச் சொல்லி. மின்சார இணைப்பில்லாத தள்ளுவண்டிக்கு யார் தருவார்? மக்களின் ருசி மாறிவிட்டது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணெதிரே சில்லென்று எது நிற்கிறதோ அதற்கு நாக்கு பழகுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் கோலி பாட்டிலும் வெளியூர்ச் சரக்குதான். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்றது. ஜப்பானில் 'ராமுனே' என்ற குளிர்பானம் இன்றும் இதே பாட்டிலில் வருகிறது. நம் ஊரில் அது பன்னீரையும் இஞ்சியையும் ஏற்றுக்கொண்டு நம்முடையதாகிவிட்டது. காலி பாட்டில் வண்டிக்கே திரும்ப வேண்டும் என்பதால் குடிப்பவர் நின்று குடித்தார், நாலு வார்த்தை பேசினார். வியாபாரம் அந்த நிற்றலில்தான் இருந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கியவர் நடந்துகொண்டே போய்விடுகிறார்.

1977இல் இந்தியாவை விட்டுப் போன கோகா கோலா 1993இல் திரும்பி வந்தது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவோண்டோவை அப்போது பலரும் தேடிக் குடித்தோம். அந்த வேகம் தணிந்துவிட்டது. இப்போது கோலி சோடாவே புது லேபிளோடு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது, வெளிநாட்டுக்கும் போகிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த விற்பனையில் இந்த அண்ணனுக்கு ஒரு காசு வராது என்பது மனதைப் பிசைகிறது.

இன்னொன்று வாங்கினேன், பன்னீர். தாகம் தீர்ந்துதான் இருந்தது. காலி பாட்டிலைக் கழுவிப் பெட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே கோலி 'கிணுக்' என்று உருண்டது.