பித்தக்குழாய்க்குள் வளர்ந்த கட்டி

மார்ச் 3
பெரியம்மாவுக்குத் திரும்பவும் மஞ்சள் காமாலை. குளிர்காய்ச்சலோடு வருகிறது, சில நாளில் தானாகவே இறங்கிவிடுகிறது, அப்புறம் மறுபடியும். ராத்திரியெல்லாம் உடம்பு அரிப்பு. பார்க்க வருகிறவர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். மலம் வெளுத்துப் போகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது. பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்றுதானே அர்த்தம்? நாளைக்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

மார்ச் 8
ஸ்கேனில் கல்லீரலின் இடது பக்கக் குழாய் வீங்கியிருந்தது. கல்லாக இருக்கும் என்றுதான் ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பித்தக்குழாயைப் பார்க்கும் முறை) செய்தார்கள். பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கும் வாய் அகன்று, அதன் வழியாகக் கெட்டியான சளி வழிந்திருக்கிறது. உட்சுவரில் விரல் விரலாக வளரும் பாப்பில்லரி வகைக் கட்டி. அது சுரக்கும் சளி வழியை அடைத்தால் காமாலை. சளி நகர்ந்துவிட்டால் காமாலை இறங்கும். இவ்வளவு நாள் வந்து வந்து போனது இதனால்தான். அடைப்பைத் தாண்டிப் பித்தம் இறங்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்து, பயாப்ஸிக்கும் (கட்டியில் கிள்ளி எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 15
பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, செல்களில் லேசான மாறுபாடு மட்டும். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்கிறார். அண்ணனுக்குக் கோபம்: “கேன்சரே இல்லைங்கிறப்போ கல்லீரலை எதுக்கு சார் வெட்டணும்?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பயாப்ஸி கிள்ளி எடுத்த இடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். இந்த வகைக் கட்டியில் ஒரு மூலை சாதுவாக இருக்கும்போதே இன்னொரு மூலை புற்றாக மாறியிருக்கலாம். வெட்டி எடுத்து முழுதாகப் பரிசோதித்த ஆய்வுகள் பலவற்றில் 40 முதல் 80 சதவீதம் பேர் வரை ஊடுருவும் புற்று இருந்திருக்கிறது. கேட்டதும் அண்ணன் அமைதியாகிவிட்டான்.

மார்ச் 17
நானும் தேடிப் படித்தேன். பித்தக்குழாய்க் கட்டி எல்லாமே இப்படி இல்லை. அடினோமா என்ற சாதுவான சிறு கட்டி பெரும்பாலும் 1 செ.மீ.க்கும் குறைவு, வேறு ஏதோ ஆபரேஷனின்போது தற்செயலாகக் கண்ணில் படும், புற்றாக மாறுவது மிக அரிது. சிஸ்டடினோமா என்ற நீர்ப்பைக் கட்டி வேறு ரகம். நடுவயதுப் பெண்களுக்கே அதிகம் வரும். பின்னாளில் புற்றாகலாம் என்பதால் நீரை மட்டும் உறிஞ்சாமல் முழுதாக எடுக்க வேண்டும். பெரியம்மாவுக்கு வந்திருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2010-இல்தான் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. கிழக்காசியாவில் அதிகம், அங்கே கல்லீரல் குழாய்க் கற்களும் ஆற்றுமீன் வழியாக வரும் ஒட்டுண்ணியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

“சாதாரணக் கட்டிதான்” என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 12
காமாலை நன்றாக இறங்கிய பிறகு ஆபரேஷன். இடது பக்கக் கல்லீரலைக் குழாயோடு எடுத்துவிட்டார்கள். மீதி வளர்ந்து ஈடுகட்டிக்கொள்ளுமாம். பெரியம்மா ஐ.சி.யு.வில் கண் விழித்ததும் அண்ணன் சாப்பிட்டானா என்று கேட்டார்.

ஏப்ரல் 22
முழு ரிப்போர்ட் வந்தது. ஓர் இடத்தில் செல் மாறுபாடு முற்றிய நிலையில் இருந்திருக்கிறது. ஊடுருவல் இல்லை, வெட்டிய விளிம்பு சுத்தம். பயாப்ஸி கிள்ளிய இடத்தில் அது தெரியவே இல்லை. மீதமுள்ள குழாயில் பிற்பாடு புதிதாக முளைக்கலாம் என்பதால் ஸ்கேன் தொடர வேண்டும். நடுவில் காய்ச்சலோ அரிப்போ வந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.