மலாயாப் போர், டிசம்பர் 1941: நாள்வாரிக் குறிப்புகள்

டிசம்பர் 6, சனி

மதியம் 12 மணி தாண்டியதும், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கோத்தா பாருவிலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று இந்தோசீனாவின் தென்முனைக்கு அப்பால் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. படையேற்றிய கப்பல்கள், காவலுக்குப் போர்க்கப்பல்கள். செய்தி சிங்கப்பூருக்கு உடனே போனது.

பிரிட்டிஷாரிடம் 'மேட்டடார்' என்றொரு திட்டம் தயாராக இருந்தது. ஜப்பானியர் இறங்குமுன் தாய்லாந்துக்குள் புகுந்து சிங்கோரா துறைமுகத்தைப் பிடித்துக்கொள்வது. இதற்கு எதிரி வந்து சேருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே கிளம்பியாக வேண்டும். லண்டனைக் கேட்காமல் உத்தரவிடும் அதிகாரம் தளபதி புரூக்-போபமுக்கு முந்தைய நாளே வந்துவிட்டது. ஆனாலும் அவர் தயங்கினார். கப்பல்கள் பாங்காக்குக்குப் போகலாம், தாய்லாந்தின் நடுநிலையைப் பிரிட்டனே முதலில் மீற வேண்டும் என்று விரித்த வலையாகவும் இருக்கலாம் என்று நினைத்தார். அந்த ஐயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 24 மணி நேரக் கெடு உள்ள திட்டத்தை வைத்துக்கொண்டு ஐயப்படுவது வேறு கதை. பருவமழை மேகத்தில் கப்பல்கள் மறைந்தன. மறுநாள் முழுக்க உறுதியான தகவல் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்குள் கோத்தா பாருவில் தரையிறக்கம் தொடங்கியது. பசிபிக் போர் பேர்ல் ஹார்பரில் தொடங்கியது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஹவாயில் அது டிசம்பர் 7 காலை 8 மணிக்குச் சற்று முன். மலாயாக் கடிகாரத்தில் 8ஆம் தேதி அதிகாலை இரண்டு மணியை நெருங்கும் நேரம். அதாவது கோத்தா பாருதான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. தேதிக்கோட்டால் வரும் குழப்பம் இது.

கரையைக் காத்தது இந்தியப் படையின் 3/17 டோக்ரா பட்டாலியன். ஒரே பட்டாலியனுக்குப் பத்து மைல் கடற்கரை! கான்கிரீட் காவல் அரண்கள், முள்கம்பி, கண்ணிவெடி எல்லாம் இருந்தன. அரணுக்கும் அரணுக்கும் நடுவில்தான் ஆள் இல்லை. அலை கொந்தளித்துப் படகுகள் கவிழ்ந்தன. கரையேறியவர்கள் மணலைக் கையால் தோண்டிக் கம்பிக்கு அடியில் ஊர்ந்து, ஆற்று முகத்துவாரங்கள் வழியாக அரண்களின் பின்பக்கம் வந்தார்கள். ஹட்சன்கள் தாக்கியதில் ஜப்பானியரின் அவாஜிசான் மாரு கப்பல் எரிந்தது.

இவ்வளவு போராடிய இடம் மாலையில் ஒரு வதந்தியால் போனது. எதிரி விமானதள வேலிக்கே வந்துவிட்டான் என்று யாரோ சொல்ல, கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஓடுபாதையை உடைக்கவில்லை. குண்டும் பெட்ரோலும் அப்படியே கிடந்தன.

அதிகாலை 4 மணிக்குமேல் சிங்கப்பூரில் குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேட்டடார் கைவிடப்பட்டது என்ற உத்தரவு வடக்கே 11ஆம் இந்திய டிவிஷனுக்குக் கிடைத்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணி நகரிலும் ஜப்பானியர் இறங்கிப் பல மணி நேரம் ஆகியிருந்தது.

தரையிறங்கும் ஜப்பானியரைத் தாக்க, மாலை 5.35க்கு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டும் நான்கு டெஸ்ட்ராயர்களுடன் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பின. விமானப் பாதுகாப்பு இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பகலில் ஜப்பானியரின் ஐ-65 நீர்மூழ்கி இந்த அணியைப் பார்த்துவிட்டது. மாலையில் வானம் தெளிந்து ஜப்பானிய விமானங்களும் கண்ணில் பட்டன. எதிரிக்குத் தெரியாமல் போய் அடிப்பதுதான் திட்டத்தின் உயிர். அது போனதும் அணியின் தலைவர் அட்மிரல் பிலிப்ஸ் இரவு 8 மணிக்குமேல் கப்பல்களைத் திருப்பினார். அது சரியான முடிவு. நள்ளிரவை ஒட்டி, மலாயாவின் கிழக்குக் கரையில் உள்ள குவாந்தானில் தரையிறக்கம் என்று கரையிலிருந்து செய்தி வந்தது. பொய்ச் செய்தி. அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று திசை மாற்றியவர், வானொலி மௌனத்தைக் காத்து, போகும் இடத்தைச் சிங்கப்பூருக்குச் சொல்லவில்லை. கரையில் இருப்பவர்களே ஊகித்து விமானம் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தார் போலும்.

டிசம்பர் 10, புதன்

இந்தோசீனாவின் சைகோன் வட்டாரத் தளங்களிலிருந்து 85 ஜப்பானியக் குண்டுவீச்சு, டார்பிடோ விமானங்கள். முதல் குண்டு 11 மணி தாண்டி ரிபல்ஸ் மீது விழுந்தது. அதனால் பெரிய சேதமில்லை.

11.44க்கு நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் இடப்பக்க வெளிச்சுழலித் தண்டின் (சுழலியை எஞ்சினோடு இணைக்கும் தண்டு) அருகே ஒரு டார்பிடோ வெடித்தது. தண்டைத் தாங்கும் கை உடைந்தது. வளைந்த தண்டு சுழன்றபடியே இருந்ததால், அது செல்லும் சுரங்கவழியின் நீர்த்தடுப்புகள் கிழிந்து எஞ்சின் அறை வரை வழி திறந்துகொண்டது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 2,400 டன் கடல்நீர் உள்ளே, கப்பல் 11.5 பாகை சாய்ந்தது. கவசத்தை யாரும் துளைக்கவில்லை. கப்பலின் சொந்த எஞ்சினே அதன் வயிற்றைக் கிழித்தது.

அதைவிட மோசமானது மின்சாரம். எட்டு டைனமோக்களில் ஐந்து நின்றன. பின்பகுதியில் விளக்கு, காற்றோட்டம், நீரிறைக்கும் பம்பு, தொலைபேசி எல்லாம் போயின. பின்பக்கத்து 5.25 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளைத் திருப்ப மின்சாரம் இல்லை. கப்பல் சாய்ந்திருந்ததால் கையாலும் திருப்ப முடியவில்லை. பம்பு இல்லாததால் சாய்வை நிமிர்த்த முடியவில்லை. 12.10க்கு இரண்டு கறுப்புப் பந்துகளை ஏற்றினார்கள்: கப்பல் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கான அடையாளம்.

1916இல் கடலுக்கு வந்த ரிபல்ஸோ, கேப்டன் டென்னன்ட்டின் கையில் 19 டார்பிடோக்களைத் தப்பியது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தபோது தப்ப வழியில்லை. 12.33க்கு மூழ்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1.20 வாக்கில். இறந்தவர்கள் 840 பேர். ஜப்பானியர் இழந்தது மூன்று விமானங்கள்.

விமானம் கேட்டு முதல் செய்தியை 11.58க்கு அனுப்பியது டென்னன்ட்தான், பிலிப்ஸ் அல்ல. சிங்கப்பூரின் செம்பவாங் தளத்திலிருந்து பஃபலோ போர் விமானங்கள் வந்தபோது, பிலிப்ஸின் கொடிக்கப்பலான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

வடமேற்கு மலாயாவின் ஜித்ரா. மேட்டடாருக்காக மழையில் காத்துக்கிடந்த 11ஆம் இந்திய டிவிஷனுக்குத் தற்காப்பு அகழிகளைச் சரிசெய்ய மூன்றே நாள். அகழிகளில் தண்ணீர் நின்றது, தொலைபேசிக் கம்பிகள் நனைந்து பேச்சு கேட்கவில்லை. டேங்குகளுடன் சாலையோடு வந்த சில நூறு பேர் கொண்ட ஜப்பானிய முன்னணிப் படையே முழு டிவிஷனைப் பின்வாங்க வைத்தது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டேங்க்கூட இல்லை.

அடுத்து வந்தவை சைக்கிள்கள். தார்ச்சாலைச் சூட்டில் டயர் வெடித்தால் ரிம்மிலேயே மிதித்தார்கள். இரவில் அந்தக் கடகடச் சத்தம் டேங்க் வருவதுபோல் கேட்டதாம். ஒவ்வொரு கம்பெனியிலும் பழுதுபார்க்க ஆள் உண்டு. பாலம் உடைந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். லாரியை நம்பியவன் பாலத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

பினாங்கில் 11ஆம் தேதி குண்டு விழுந்தபோது மக்கள் வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றார்கள்; தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கியே இல்லை. அடுத்த சில நாட்களில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிச் சென்றார்கள். ஊரை நடத்தும் பொறுப்பு உள்ளூர்க் குழு ஒன்றின் தலையில் விழுந்தது. அதன் தலைவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவரே. குண்டுவீச்சை நிறுத்த, தீவில் படை இல்லை என்று வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. இன்று ஜப்பானியர் வந்தனர்.

வானொலி நிலையம் சேதமில்லாமல் கிடைத்தது. துறைமுகத்தில் மோட்டார்ப் படகுகளும் கிடந்தன. மேற்குக் கரையோரம் பிரிட்டிஷ் அணிகளுக்குப் பின்னால் ஆட்களை இறக்க ஜப்பானியருக்குப் படகு தேவைப்பட்டது. பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.