2026-க்கு 1953 காலண்டர்: கேரேஜ் சுவர் ப்ராஜெக்ட் இதுவரைக்கும்

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன், அது புரியலன்னா மீதி எல்லாம் பைத்தியக்காரத்தனமா தெரியும் (புரிஞ்சாலும் அப்படித்தான் தெரியும்னு வீட்டம்மா சொல்றாங்க). 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை, லீப் வருஷமும் இல்ல. இதே மாதிரி வியாழக்கிழமையில ஆரம்பிச்ச லீப் இல்லாத பழைய வருஷம் எதுவா இருந்தாலும் அந்தக் காலண்டரை இந்த வருஷம் அப்படியே மாட்டலாம், தேதியும் கிழமையும் அச்சு பிசகாம ஒத்துப்போகும். பின்னாடி போனா 2015, 2009, 1998, 1987, 1981, 1970, 1959, 1953, 1942, இன்னும் போனா 1931, 1925, 1914. ஆறு, பதினொண்ணு, பதினொண்ணுன்னு தாவும், 28 வருஷத்துக்கு ஒரு சுத்து.

நான் இருக்கறது மினசோட்டாவுல, செயின்ட் பால் பக்கத்துல. இந்த ஊரைச் சொன்னா காலண்டர் சேக்கறவங்களுக்கு உடனே ஞாபகம் வரது பிரவுன் அண்ட் பிகலோ. 1896-ல ஆரம்பிச்ச கம்பெனி, அமெரிக்காவுல மெக்கானிக் ஷெட், பார்பர் ஷாப், ஹார்டுவேர் கடைன்னு எல்லா சுவர்லயும் தொங்குன பின்-அப் காலண்டர்ல (போஸ் குடுக்கற அழகான பொண்ணு படம் போட்டது) பெரிய பங்கு இவங்களோடது. அதனால இங்க வீடு காலி பண்றவங்க சேல் போட்டா பேஸ்மென்ட் அலமாரிக்குப் பின்னாடி சுருட்டி வச்ச காலண்டர் ஒண்ணாவது வெளிய வரும். எங்க அப்பா கடைக்கு வருஷா வருஷம் சிவகாசிலருந்து மேலயும் கீழயும் தகரப் பட்டை வச்ச காலண்டர் கட்டுக்கட்டா வரும், அதைப் பிரிச்சு உருட்டி ரப்பர் பேண்ட் போடறது என் வேலை. இங்க ஒரு சேல்ல அதே தகரப் பட்டையைப் பாத்ததும் கை தானா போயிடுச்சு.

அதுல இருந்தது கௌபாய் தொப்பி வச்ச ஒரு பொண்ணு, இடுப்புல துப்பாக்கி வைக்கற உறை, கையில ரிவால்வர், அடியில அயோவா மாநிலத்துல ஏதோ ஒரு சின்ன ஊர் ஹார்டுவேர் கடையோட பேரு, மூணே மூணு இலக்கத்துல போன் நம்பர். வருஷம் 1953. வீட்டுக்கு வந்து தேதியைப் பாத்தேன், 2026-க்கு ஒத்துப்போகுது. சரி, மேல சொன்ன வரிசையில ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒண்ணு புடிப்போம், அதுவும் துப்பாக்கியோட நிக்கற பொண்ணு படம் மட்டும்தான்னு முடிவு பண்ணேன். ஏன் துப்பாக்கின்னா, பின்-அப் காலண்டர் கடல் மாதிரி கிடக்கு, ஏதாவது ஒரு வேலி போட்டாதான் பர்ஸ் தப்பிக்கும்.

வீட்டுல பேச்சுவார்த்தை ரெண்டு நாள் நடந்துச்சு. ஹால்ல கிடையாது, கேரேஜ் மட்டும், பையன் ஃப்ரெண்ட்ஸ் வர அன்னைக்கு மேல துணி போட்டு மூடணும், எழுதறதா இருந்தா பென்சில் மட்டும்தான் (இது நான் போட்ட கண்டிஷன்). அதெல்லாம் ஒத்துக்கிட்டு படத்தை ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு வீட்டம்மா கேட்டாங்க, "ஏங்க, இவளுக்கு சுடத் தெரியுமா? விரலைப் பாருங்க, ட்ரிகர்லயே வச்சிருக்கா."

அவங்க கேக்கறதுக்கு காரணம் இருக்கு. போன வருஷம் ஆபீஸ் கூட்டத்தோட ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய், பக்கத்து ஆளு சுட்ட பிஸ்டல்லருந்து தெறிச்ச காலி தோட்டா உறை கழுத்துப் பட்டி வழியா உள்ள விழுந்து, சூடு தாங்காம குதிச்சு, துப்பாக்கியோட யாரும் குதிக்கக் கூடாதுன்னு அந்த இன்ஸ்ட்ரக்டர்கிட்ட திட்டும் வாங்கிட்டு வந்தவங்க. அதுலருந்து துப்பாக்கி படம் எதைப் பாத்தாலும் மொத கண்ணு போறது விரலுக்கு (குறி பாக்கற வரைக்கும் அது ட்ரிகர்ல இருக்கக் கூடாது), அடுத்தது கழுத்துக்கு.

அந்தக் கேள்வி என்னை விடல. நான் சேக்கறது ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொண்ணுலயும் விரல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்க ஆரம்பிச்சேன், இப்ப அதுதான் முக்கியமான நோட்டு.

அக்டோபர், 1914-ல ஏமாந்தது

ஆன்லைன்ல ஒருத்தர் 1914 தோட்டா கம்பெனி காலண்டர்னு போட்டிருந்தார், ரைஃபிள் புடிச்ச பொண்ணு, 85 டாலர். வின்செஸ்டர், பீட்டர்ஸ், ரெமிங்டன் யூஎம்சி மாதிரி கம்பெனிங்க அந்தக் காலத்துல வருஷா வருஷம் கடைங்களுக்கு அனுப்புன காலண்டர் ஒரிஜினலா, அடியில தேதி அச்சடிச்ச பேட் கிழியாம, பட்டையோட இருந்தா ஆயிரக்கணக்குல போகும். 85-க்கு குடுக்கறாருன்னா யோசிச்சிருக்கணும், யோசிக்கல.

வந்ததும் ரூம் லைட்டை அணைச்சுட்டு யூவி டார்ச் அடிச்சேன், தாள் முழுக்க டிடர்ஜென்ட் விளம்பரத்துல வர சட்டை மாதிரி நீல வெள்ளையா ஜொலிக்குது. தாளை வெள்ளையா காட்டற அந்த ரசாயனம் பேப்பர்ல பரவலா வந்தது 1950-க்கு அப்புறம், 1914 தாள் அப்படி ஒளிராது, மங்கலா பழுப்பாத்தான் தெரியும். லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தேன், புள்ளிங்க எல்லாம் வரிசையா, சின்னச் சின்ன பூ வட்டமா அடுக்கியிருக்கு, அதாவது நாலு கலர் ஆஃப்செட். கல்லுல எழுதி அடிச்ச பழைய லித்தோவுல புள்ளி இப்படி ஒழுங்கா நிக்காது, கையால குத்துன மாதிரி தாறுமாறா பெருசும் சிறுசுமா கிடக்கும். பட்டையில துரு மட்டும் நல்லா ஏத்தியிருந்தாங்க, அந்த உழைப்பைப் பாராட்டணும். பாதி பணம் திரும்ப வந்துச்சு. இப்ப யூவி டார்ச் இல்லாம நான் எந்த சேலுக்கும் போறதில்ல.

இந்தக் கதையைச் சொல்லும்போதுதான் நிஜமாவே சுட்ட ஒரு அம்மா கதையும் வீட்டுல சொன்னேன். எலிசபெத் டாப்பர்வீன், ப்ளிங்கின்னு கூப்புடுவாங்க, நியூ ஹேவன்ல வின்செஸ்டர் தோட்டா ஃபேக்டரியில வேலை பாத்தவங்க. அந்தக் கம்பெனிக்காக ஊர் ஊரா சுட்டுக் காட்டற ஆளைக் கல்யாணம் பண்ண அப்புறம்தான் சுடக் கத்துக்கிட்டாங்க, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில பறக்க விட்ட ஆயிரம் களிமண் தட்டுல 967-ஐ உடைச்சாங்க. "அவங்க படம் போட்ட காலண்டர் கிடைச்சா ஹால்லயே மாட்டலாம்"னு உத்தரவு வந்துருச்சு. என் பட்ஜெட்டுக்கு அது எட்டாது.

நவம்பர், சுருளை நிமித்துறது

எழுபது வருஷம் சுருண்டு கிடந்த தாளை சும்மா விரிச்சா உடையும், அதுலயும் இங்க குளிர் காலத்துல ஹீட்டர் ஓடற வீட்டுல காத்து அப்பளம் காயற அளவுக்கு வறண்டிருக்கும். நான் பண்ணது: மூடி உள்ள பெரிய ப்ளாஸ்டிக் பெட்டி, அடியில நனைச்சுப் புழிஞ்ச ஸ்பாஞ்ச், அதுக்கு மேல கேக் ஆற வைக்கற கம்பி ஸ்டாண்ட், அது மேல காலண்டர், தண்ணி தாள்ல படவே கூடாது. நாலஞ்சு மணி நேரத்துல தாள் ஈரப்பதம் வாங்கி தானா தளரும், எடுத்து ஈரத்தை உறிஞ்சற ரெண்டு ப்ளாட்டிங் பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமான பலகை, ரெண்டு நாள். 1953 நல்லா வந்துச்சு. அதுக்கு முன்னாடி துருப்புடிச்ச ஸ்டேப்ளர் பின்னை எல்லாம் மெல்லிசான கத்தியால தூக்கி எடுத்துட்டேன், அதை விட்டுட்டு ஈரம் காட்டுனா துரு கறை பரவிடும்.

அந்தத் தெம்புல 1959-ஐயும் போட்டேன், அங்கதான் போச்சு. 1959 பளபளா கோட்டிங் தாள். அந்தக் கோட்டிங்ல களிமண்ணும் அதைப் புடிச்சு வைக்கற பசையும் இருக்கு, ஈரம் பட்டா ஒட்டிக்கும். ரெண்டு நாள் கழிச்சுத் தூக்குனா அந்தப் பொண்ணோட இடது முழங்கால்லருந்து பூட்ஸ் வரைக்கும் ப்ளாட்டிங் பேப்பரோட வந்துருச்சு. துப்பாக்கியும் முகமும் தப்பிச்சது. கோட்டிங் தாளை ஈரப் பெட்டியில போடாதீங்க, வெறும் எடை மட்டும் வச்சு மாசக்கணக்குல விடுங்க, அவசரம்னா பக்குவமான கைக்குக் குடுங்க. பழைய செல்லோடேப்பை ஹேர் டிரையர் சூட்டுல மெதுவா எடுக்கலாம், ஆனா அதோட மஞ்சக் கறை தாளுக்குள்ள இறங்கியிருக்கும், அதோட சண்டை போட்டு ஒரு ஓட்டை போட்டேன், இப்ப கறையை கறையாவே விட்டுடறேன். சிகரெட் நாத்தம் போக மூடுன டப்பாவுல பேக்கிங் சோடா கிண்ணத்தோட ரெண்டு வாரம் வச்சா பெரும்பாலும் போகுது.

டிசம்பர், 1942

இதுதான் ரொம்ப அலைய விட்டது. போர்க் காலம், துப்பாக்கி புடிச்ச பொண்ணு படம் கொட்டிக் கிடக்கும்னு நெனச்சுத் தேடுனேன், ஒண்ணும் காணோம். அப்புறம்தான் மண்டையில உரைச்சது, பேர்ல் ஹார்பர் 1941 டிசம்பர் 7, 1942 காலண்டரை எல்லாம் அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அச்சடிச்சு வித்திருப்பாங்க. அதனால அதுல போர் வாசனையே இருக்காது, நீச்சலுடை, நாய்க்குட்டி, மீன் தூண்டில் இதுதான். கடைசியில ஸ்டில்வாட்டர்ங்கற ஊர்ல பழைய சாமான் கடை ஒண்ணுல கிடைச்சது வேட்டைக்குப் போற பொண்ணு, பக்கத்துல நாய், கையில ரெட்டைக் குழல் ஷாட்கன், 60 டாலர். விரல் நோட்டுக்காக உத்துப் பாத்தா, துப்பாக்கியை நடுவுல மடக்கித் தொறந்து முழங்கை மேல போட்டிருக்கா. குழல் தொறந்திருந்தா சுட முடியாது, தோட்டா இருக்கா இல்லையான்னு எதிர்ல நிக்கறவனுக்கும் தெரியும், வேட்டைக்காரங்க வேலி தாண்டும்போது அப்படித்தான் தூக்கிட்டுப் போவாங்க. காட்டுனேன். "இவளுக்குத் தெரியும்"னு ஒரே வார்த்தை. வரைஞ்ச ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் சொன்னதை அவங்க காதுல வாங்கல.

வரைஞ்ச ஆளுன்னதும் ஞாபகம் வருது, இந்தக் காலண்டர் எல்லாம் ஆம்பளைங்க வரைஞ்சதுன்னு நெனச்சா தப்பு. பிரவுன் அண்ட் பிகலோவுக்கு வரைஞ்சவங்கள்ல ஸோயி மோசர்ட்னு ஒரு அம்மா, கண்ணாடி முன்னாடி தானே போஸ் குடுத்து தன்னையே பாத்து வரைவாங்க. அதே கம்பெனிக்கு வரைஞ்ச எல்வ்கிரென்னோட முறை வேற, மாடலை போட்டோ எடுத்து வச்சுட்டு வரையறது, வரையும்போது காலை நீட்டி கண்ணைப் பெருசாக்கிடுவார். என்னோட 1953 எல்வ்கிரென் இல்ல, அவரைப் பாத்து வரைஞ்ச யாரோ.

கம்பெனி கதையும் படம் மாதிரிதான் இருக்கு. முதலாளி பிகலோ வரி ஏய்ப்புல மாட்டி லெவன்வொர்த் ஜெயிலுக்குப் போறார், அங்க சார்லஸ் வார்டுன்னு ஒரு கைதியோட பழக்கமாகுது, வெளிய வந்ததும் அவருக்குக் கம்பெனியில வேலை குடுக்கறார், 1933-ல பிகலோ படகு கவுந்து தண்ணியில போயிடறார், வார்டு தலைவராயிடறார். பின்-அப் காலண்டரோட பொற்காலம்னு இப்ப சொல்றது பெரும்பாலும் வார்டு நடத்துன காலம்தான். இதைக் கேட்டுட்டு என் பையன் வரின்னா என்னன்னு கேட்டான், அது வேற கதை.

ஜனவரி, நோட்டுல என்ன தெரியுது

கையில இருக்கறது 1942, 1953, காலில்லாத 1959, 1970, 2015-ல ரெண்டு. 1981-ன்னு வாங்குனது பிரிச்சுப் பாத்தா டூல் கம்பெனி காலண்டர், பொண்ணு கையில ட்ரில் மெஷின், தள்ளுபடி. டில்லன்னு அரிசோனாவுல ஒரு கம்பெனி, காலி உறையில மருந்து நிரப்பி திரும்பத் தோட்டாவாக்கற மெஷின் செய்யறவங்க, அவங்க காலண்டர் ஒண்ணு சும்மா கிடைச்சது, ஆனா வருஷம் 2010. அது 2027-க்குப் பொருந்தும், உள்ள எடுத்து வச்சிருக்கேன்.

இப்ப விரல். 1953, 1959, 1970 மூணுலயும் ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்குள்ள. 2015 ரெண்டுலயும் (ஒண்ணு டாக்டிகல் கேர்ள்ஸ், இன்னொண்ணு பிரிட்டன்லருந்து வந்த ஹாட் ஷாட்ஸ்) நான் புரட்டுன பக்கங்கள்ல விரல் பெரும்பாலும் வெளிய, சட்டகத்தை ஒட்டி நேரா. இடையில என்ன ஆச்சுன்னா ஜெஃப் கூப்பர். 1976-ல அரிசோனாவுல ஒரு சுடும் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு, குறி பாக்கற வரைக்கும் ட்ரிகர்ல விரல் வைக்காதேங்கறதோட சேத்து நாலு விதியை ஊரெல்லாம் பரப்புனவர். அதுக்கு முன்னாடி உள்ள படங்களைப் பாருங்க, நிஜ சிப்பாய்ங்க போட்டோவுலயே பல நேரம் விரல் உள்ளதான் இருக்கும். இப்ப இந்தக் காலண்டரை வாங்கறவன் பாதிப் பேரு சுடறவன், விரல் உள்ள இருந்தா பொண்ணைப் பாக்க மாட்டான், விரலைப் பாத்துட்டு திட்டுவான். அப்ப மாடலுக்கு யாராவது சொல்லிக் குடுத்துத்தான் ஆகணும். காலண்டர்ல வருஷம் போட்ட பேட் கிழிஞ்சு போயிருந்தா விரலை வச்சே தோராயமா காலம் சொல்லலாம்னு நான் ஒரு தியரி வச்சிருக்கேன், 1942 வேட்டைக்காரி மட்டும் அதுல அடங்க மாட்டேங்கறா.

இதை எல்லாம் பெருமையா விளக்கிட்டு 2015-ஐ நீட்டுனேன். "விரல் சரிதான், கண்ணாடி எங்க? காதுக்கு எங்க? இந்த ட்ரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு அந்த மெஷினை சுட்டா உறை எங்க போய் விழும்னு எனக்குத்தான் தெரியும்." சொல்லிட்டு 1953-ஐத் திரும்பிப் பாத்தாங்க, "இவளாவது ரிவால்வர், காலி தோட்டா உறை உள்ளயே இருக்கும். இவளை மாட்டுங்க."

அதனால கேரேஜ்ல 1953. ஈஸ்டர் கூட ஒத்துப்போகுது, 1953-லயும் ஏப்ரல் 5, 2026-லயும் ஏப்ரல் 5 (1942-ம் 2015-ம் அதே, 1959 ஒத்துவராது). மெமோரியல் டே (போர்ல செத்த வீரர்களுக்கான அமெரிக்க லீவு நாள்) மட்டும் உதைக்கும், 1971-க்கு முன்னாடி அது மே 30-ன்னு நிலையா இருந்தது, இப்ப மே மாசக் கடைசி திங்கள். நான் பழைய சிவப்பு எழுத்தைப் பாத்துட்டு லீவு அப்ளை பண்ணி மேனேஜர்கிட்ட விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

மாட்டுனது பட்டையில ஆணி அடிச்சு இல்ல, ஆசிட் இல்லாத அட்டை மேல தெளிவான ப்ளாஸ்டிக் மூலைங்க போட்டு செருகி, முன்னாடி யூவி தடுக்கற அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் தகடு) வெச்சு. கீழ பேட் இருக்கற இடத்துல மட்டும் அக்ரிலிக்கை வெட்டி விட்டேன், மாசம் மாறும்போது கிழிக்காம பின்னாடி மடக்கி விடலாம்னு.

1981, 1987, 1998, 2009 இன்னும் கிடைக்கல, யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. நேத்து காலையில காரை எடுக்கப் போனேன், பிப்ரவரி 17-க்கு நேரா, எழுபத்தி மூணு வருஷமா ஒரு கோடு கூட விழாத தாள்ல, நீல பால் பாயிண்ட் பேனாவுல அழுத்தி எழுதியிருக்கு: "தம்பி பல் டாக்டர் 4.30".