பெண் பிள்ளைகள் படிக்கத்தானா இருபது வருடம்?

ஆப்கானிஸ்தான் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: என்ன இருந்தாலும் அமெரிக்கப் படை இருந்தவரைக்கும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், படை கிளம்பியதும் வீட்டுக்குள் முடங்கிவிட்டார்கள். சரி, நடந்ததை மறுக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கைக்குப் போனது, அடுத்த மாதமே ஆறாம் வகுப்புக்கு மேல் பையன்களை மட்டும்தான் கூப்பிட்டார்கள். 2022 மார்ச்சில் பெண்களுக்கும் திறக்கிறோம் என்று சொல்லி, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமும் போச்சு. 2024 டிசம்பரில் மருத்துவச்சி, நர்ஸ் படிப்புக்கும் தடை. ஒரு ஆட்சி தன் நாட்டுப் பிரசவ வார்டுகளைத் தானே காலி செய்வதை வேறு எங்கும் பார்த்த ஞாபகம் இல்லை.

ஆனால் அதிலிருந்து "அதனால் படை அங்கேயே இருந்திருக்கணும்" என்று முடிவுக்கு வருகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

போர் ஆரம்பித்தது 2001 அக்டோபரில், பின்லாடனைப் பிடிக்க. பெண்கள் விஷயம் உள்ளே வந்தது நவம்பர் 17 அன்று, அதிபரின் வாராந்திர வானொலி உரையை அவர் மனைவி லாரா புஷ் வாசித்தபோது. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போரும்தான் என்றார் அந்த அம்மா. 1996இலிருந்தே தாலிபான் பெண்களின் பள்ளிகளை மூடி வைத்திருந்தது. அந்த ஐந்து வருடத்தில் அதற்காக ஒரு விமானமும் கிளம்பவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது 2010. பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு, அமெரிக்காவுக்குத் துணையாக அனுப்பிய தன் படையை ஆப்கனில் நீட்டிக்கும் சண்டையில் கவிழ்ந்தது. பிரான்சும் ஜெர்மனியும் அடுத்துக் கழன்றுகொள்ளுமோ என்ற கவலையில் மார்ச் மாதம் சி.ஐ.ஏ.வுக்குள் ஒரு குறிப்பு எழுதினார்கள், அது விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்துவிட்டது. தாலிபான் ஜெயித்தால் தங்கள் கதி என்ன என்று ஆப்கன் பெண்களையே ஐரோப்பிய மக்களிடம் பேச வைத்தால் ஆதரவு நிற்கும், அதிலும் ஐரோப்பியப் பெண்களிடம் எடுபடும் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்களின் பயம் நூறு சதவீதம் நிஜம், பின்னால் நடந்ததே சாட்சி. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவருக்கு வேண்டியிருந்தது பள்ளிக்கூடம் இல்லை, பாரிஸிலும் பெர்லினிலும் ஒரு கருத்துக்கணிப்பு எண்.

பள்ளிக்கூடக் கணக்குக்கே வருவோம். லட்சக்கணக்கில் பெண்கள் படித்தார்கள், அதில் சந்தேகமில்லை. டாக்டர், வக்கீல், நிருபர் என்று ஒரு தலைமுறையே வந்தது, குறிப்பாகக் காபூல், ஹெராத் மாதிரி நகரங்களில். கூடவே காகிதத்தில் மட்டும் இருந்த பள்ளிகளும் இருந்தன. மூன்று வருடம் வரை வராத பிள்ளையையும் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் சேர்க்கையில் எண்ணினார்கள், அந்தப் பெரிய எண்ணைத்தான் வாஷிங்டனில் சாதனையாக வாசித்தார்கள். ஹெல்மந்த் மாகாணத்துக் கிராமங்களில் சண்டையே ஓயாததால் பல இடங்களில் பள்ளி என்ற ஒன்றே நடக்கவில்லை. இரவில் கதவை உடைத்துக்கொண்டு சோதனைக்கு வருகிற அன்னியப் படையின் பெயரோடு பெண் படிப்பும் ஒட்டிக்கொண்டால், அதைக் கெடுக்க நினைப்பவனுக்கு எவ்வளவு வசதி!

இதே கதையை ரஷ்யாவும் ஓட்டிப் பார்த்தது. 1978இல் ஆப்கனில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள், 1979 மார்ச்சில் ஹெராத்தில் வெடித்த கலகத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று. டிசம்பரில் சோவியத் படை வந்தது. பெண் கல்வியைப் பெருமையாகக் காட்டிக்கொண்டது மாஸ்கோ, அந்தப் படையை எதிர்த்துப் போராடி, பள்ளிகளையும் தாக்கிய முஜாகிதீன்களுக்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்கா. போதாததற்கு, துப்பாக்கியையும் குண்டையும் எண்ணிக் கணக்குப் படிக்கிற பாடப்புத்தகங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வழியாக அமெரிக்கப் பணத்தில் தயாராயின.

உள்ளூரில் உண்மையாகவே பாடம் நடத்தியவர்களை யாரும் கேட்பதில்லை. மலாலாய் ஜோயா முதல் தாலிபான் ஆட்சியின்போது ஹெராத்தில் ரகசியமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்புறம் ஃபரா மாகாண எம்.பி. ஆனார். அமெரிக்காவோடு கைகோர்த்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த, சொந்த ஆயுதப் படை வைத்திருந்த யுத்தப் பிரபுக்களைத் திட்டியதற்காக 2007இல் சஸ்பெண்ட் செய்தார்கள். தாலிபான், யுத்தப் பிரபுக்கள், அன்னியப் படை மூன்றுமே எதிரி என்றுதான் அவர் சொல்லிவந்தார்.

கடைசியில் கிளம்பும்போது என்ன ஆனது? 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபானோடு போட்ட ஒப்பந்தத்தில் பெண்கள், பள்ளி இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. படை எப்போது போகும், கைதிகள் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கிறது. அதே மாதம், அப்போது இன்னும் அதிபர் ஆகாத பைடனிடம், தாலிபான் திரும்பி வந்து பெண்கள் உரிமை இழந்தால் உங்களுக்குப் பொறுப்பு உண்டா என்று டி.வி.யில் கேட்டபோது, பூஜ்யம் என்றார். குறைந்தபட்சம் அவர் நேராகச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கறை இருக்கிறதா என்று பார்க்கப் படையை எண்ணுவதைவிட வீசாவை எண்ணுவது நல்லது. இதில் இந்தியாவும் யோக்கியம் இல்லை. 2021 ஆகஸ்ட் 25 அன்று ஆப்கானியர்களுக்கு முன்பு கொடுத்திருந்த வீசாக்களை ஒரே அறிவிப்பில் செல்லாது என்று சொல்லிவிட்டோம். இங்கே கல்லூரியில் இடம் வைத்திருந்து ஊருக்குப் போயிருந்த பிள்ளைகள், பெண்களும்தான், அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வகுப்புக்குத் திரும்ப அழைத்துவர ஒரு சிப்பாயும் தேவைப்பட்டிருக்காது, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை போதும்.