வைஃபை இருக்கிறது, பக்கம் மட்டும் வரவில்லை

நேற்று இரவு வீட்டுக் கணினியோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன். வைஃபை இணைப்பு இருப்பதாகவே காட்டியது. ஆனால் ஒரு இணையப் பக்கமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடியது. சரி, கோளாறு கணினியில்தான் என்று முடிவு செய்தேன். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, கூகுளின் 8.8.8.8 என்ற எண் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அப்புறம் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நாம் தட்டும் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். அது பதில் தராவிட்டால், இணைப்பு உயிரோடு இருந்தும் எங்கே போவதென்று பிரவுசருக்குத் தெரியாது.

நெட்வொர்க் செட்டிங்ஸில் பார்த்தால், எப்போதோ நானே போட்டுவைத்த பழைய டிஎன்எஸ் எண் ஒன்று அப்படியே கிடந்தது. அதை எடுத்துவிட்டு, தானாகப் பெறும்படி மாற்றி, டிஎன்எஸ் கேஷையும் (முன்பு தேடிய முகவரிகளின் சேமிப்பு) அழித்தேன். பக்கங்கள் மளமளவென்று திறந்தன. அப்பாடா!

பெயருக்கும் பதில் வந்து, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் ப்ராக்ஸி (நமக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சர்வர்) செட்டிங்கைப் பாருங்கள். கணினியின் தேதியையும் பாருங்கள். அது தப்பாக இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசரே பக்கத்தைத் தடுத்துவிடும்.